கோடிக் கணக்கை மூடி வையுங்க, முதல்ல ஒரு வாரத்தை எழுதுங்க



"சார், ரிட்டயர்மென்ட்டுக்கு எவ்வளவு பணம் வேணும்?" இந்தக் கேள்வியோட என்கிட்ட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க முப்பதை ஒட்டின வயசுக்காரங்க. ஏதோ ஒரு கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்திருப்பாங்க. அது 5 கோடின்னு காட்டியிருக்கும். பாதிப் பேர் பயந்துபோய் விட்டுடுறாங்க. மீதிப் பேர் "அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடுறாங்க.

என் கருத்து என்னன்னா, முதல் கேள்வி அது இல்லை. "ரிட்டயர் ஆன பிறகு என் ஒரு வாரம் எப்படி இருக்கும்?" இதைத்தான் முதல்ல கேட்கணும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்தை எடுத்துக்குவோம். கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு வந்தவங்க நம்மள்ல நிறைய பேர். "ஊர்ல வீடு இருக்கு, கடைசியில அங்கே போய் இருந்துக்கலாம்"னு ஒரு எண்ணம் மனசுக்குள்ள இருக்கும். சரி, போயாச்சு. திங்கள்கிழமை காலையில என்ன செய்வீங்க?

முதல்ல அலைச்சல் வேலைகள். தண்ணி வர்ற நாள்ல வீட்ல இருக்கணும். பேங்க், போஸ்ட் ஆபீஸ், கரன்ட் பில், மாத்திரை, காய்கறி. வாரத்துல மூணு நாள் இதுலயே போயிடும். 62 வயசுல இது தொந்தரவு இல்லை, பொழுதுபோக்கு. போற வழியில நாலு பேரைப் பார்ப்பீங்க, ஒரு டீ குடிப்பீங்க. அதே வேலை 78 வயசுல ஆட்டோவாகவும், கூட வர்ற ஒரு ஆளாகவும் மாறிடும். அதனால நீங்க எழுத வேண்டியது ஒரு வாரம் இல்லை, ரெண்டு வாரம். 62-க்கு ஒண்ணு, 78-க்கு ஒண்ணு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சலுகைகளை நம்பிக் கணக்குப் போடாதீங்க. 2021-லேர்ந்து தமிழ்நாட்டுல சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல விஷயம். ஆனா ரயில்ல மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சோட நின்னு போச்சு. கிடைச்சா லாபம், அவ்வளவுதான்.

ரெண்டாவது, கைவேலை. குளிர் நாடுகள்ல ரிட்டயர் ஆனவங்க கம்பளி நூல்ல ஸ்வெட்டர் பின்னுவாங்க. நம்ம வெயிலுக்கு அது எதுக்கு? இங்கே திண்ணையில உட்கார்ந்து பின்னுறது ஒயர் கூடை. சிவன் கண், நெல்லிக்காய்னு அதுல எத்தனை முடிச்சு வகை! செலவு சில ஒயர் கட்டுகள்தான். ஆனா கைக்கு வேலை, பக்கத்துல பேச ஆள், முடிச்சதும் யாருக்காவது கொடுக்க ஒரு பொருள். இந்தப் பழக்கம் 60-வது பிறந்த நாளன்னிக்குத் தானா வந்துடாது. கூடையோ, தோட்டமோ, மிருதங்கமோ, முப்பதுல தொட்டு வைக்கணும்.

மூணாவது, கச்சேரி. டிசம்பர் வந்தா சென்னை சபாக்கள்ல இசை விழா. பல சபாக்கள்ல பகல் நேரக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது. சென்னையிலேயே இருக்கப் போறீங்கன்னா அது பெரிய வரப்பிரசாதம். ஊர்ப்பக்கம் கச்சேரின்னா கோயில் கொடையும் பொங்கலும்தான். நாதஸ்வரம், கரகாட்டம், விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம். இதுக்கும் டிக்கெட் இல்லை, தலைக்கட்டு வரி உண்டு. வருஷா வருஷம் வரி கொடுத்து, கல்யாணம் காதுகுத்துக்கு மொய் செஞ்சு வந்தவங்களுக்குத்தான் அந்தக் கூட்டத்துல "வாங்கண்ணே, உக்காருங்க"ன்னு ஒரு இடம். 35 வருஷம் எட்டிப் பார்க்காம இருந்துட்டு, ரிட்டயர் ஆனதும் போய் நின்னா நீங்க அந்த ஊர்ல வாடகைக்கு வந்தவர் மாதிரிதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். சொந்த வீட்ல இருக்கிற கணவன் மனைவிக்கு, இன்னைக்கு விலையில ஒரு வாரத்துக்கு இப்படி வச்சுக்குவோம்:

மளிகை, காய், பால்: 2,500
கரன்ட், கேஸ், போன், தண்ணி: 900
மருந்து: 800
பஸ், ஆட்டோ: 400
மொய், கோயில், வரி: 1,000
கைவேலை, கச்சேரிப் பயணம்: 400

மொத்தம் 6,000 ரூபாய். வருஷத்துக்கு 3.12 லட்சம். ரிட்டயர் ஆன பிறகு உங்க முதலீடு விலைவாசிக்கு ஈடு கொடுத்தா மட்டும் போதும்னு வச்சா, 30 வருஷத்துக்குத் தேவை சுமார் 94 லட்சம். வருஷம் 6% விலைவாசி ஏறினா, 30 வருஷம் கழிச்சு இதே தொகைதான் 5 கோடியைத் தாண்டி நிற்கும். உங்களைப் பயமுறுத்தினது இந்த வாரம்தான், வேற வேஷத்துல.

இதுல பிஎஃப் எவ்வளவு தாங்கும்? அடிப்படைச் சம்பளம் 30,000, முழுசுக்கும் பிஎஃப் பிடிச்சா, பென்ஷன் பங்கு போக மாசம் 5,950 உள்ளே போகும். சம்பளம் விலைவாசியோட ஏறி, பிஎஃப் வட்டி அதைவிட 2% கூட இருந்தா, 30 வருஷத்துல இன்னைக்கு மதிப்புல சுமார் 29 லட்சம். வேலை மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவு பண்ணாம இருந்தா மட்டும்! மீதி 65 லட்சத்துக்கு, விலைவாசியைவிட 4% கூடத் தர்ற முதலீட்ல மாசம் சுமார் 9,700 போடணும். வருஷா வருஷம் அதை 6% ஏத்தணும். அந்த 4%-க்கு உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் இது கைக்கு எட்டுற கணக்கு. மருத்துவக் காப்பீடும், 78-வது வயசு வாரத்துக்கான உதவியாள் செலவும் இதுக்கு மேல தனி.

"இபிஎஸ் பென்ஷன் வருமே?"ன்னு கேட்கலாம். 2014-ல வச்ச 15,000 ரூபாய் உச்சவரம்புப்படி, 33 வருஷம் வேலை பார்த்து 2 வருஷ போனஸ் சேர்ந்தாலும் மாசம் 7,500தான். மேல சொன்ன வாரத்துல ஒண்ணேகால் வாரம் ஓடும்.

இன்னொண்ணையும் சொல்லியாகணும். அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர் போன ஊர். தறியில உட்கார்ந்தவங்க பலருக்கு ரிட்டயர்மென்ட்னு ஒரு தேதியே கிடையாது. கண்ணும் காலும் ஒத்துழைக்கிற வரைக்கும் வேலைதான். "ஊர்ல செலவு கம்மி, எப்படியும் ஓட்டிடலாம்"னு சொல்றவங்க இதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கணும். சம்பளத்துல மாசா மாசம் பிஎஃப் பிடிக்கிறது சலிப்பா தெரியலாம். பக்கத்து வீட்டு நெசவாளிக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு தாளை எடுங்க. ஏழு நாள் எழுதுங்க. ஒவ்வொரு நாளுக்கும் மூணு கட்டம்: என்ன செய்வேன், யாரோட, எவ்வளவு செலவு. மூணாவது கட்டத்தை நிரப்ப எஸ்ஐபி இருக்கு, பிஎஃப் இருக்கு, என்னை மாதிரி ஆடிட்டர்களும் இருக்கோம். "யாரோட"ங்கிற கட்டம் காலியா இருந்தா அதுக்கு எந்த ஃபண்டும் கிடையாது. அடுத்த திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்குப் போங்க. தலைக்கட்டு வரியை ஜிபே-ல அனுப்பாம நேர்ல கொடுத்துட்டு, நாடகத்தைப் பாதி ராத்திரி வரைக்குமாவது உட்கார்ந்து பாருங்க.