புகழ்ச்சியும் மதிப்பும்

ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தியவர், 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன். 'காப்பி' என்னும் சொல்லோ, 'கஹ்வா' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. சொற்கள் கடல் கடப்பன, மலையும் ஏறுவன.

711 முதல் 1492 வரை ஸ்பெயினில் நிலவிய முஸ்லிம் ஆட்சியின் பயனாக, அந்நாட்டு மொழியில் அரபுச் சொற்கள் பல கலந்தன. அவற்றுள் ஒன்று 'அலகார்'. புகழ்ந்து மகிழ்வித்தல் என்பது அதன் பொருள். புகழுரையால் மனம் மகிழ்ந்த ஸ்பானியர் தம்மை 'அலகாதோ' என்பார். மதிப்பளிக்கப்பெற்றவரோ 'ஒன்ராதோ' என்பார். இஃது இலத்தீன் வழிச் சொல். மகிழ்ச்சி வேறு, மதிப்பு வேறு என்பதை அம்மொழி மறக்கவில்லை.

நம் மேடைகளிலோ, பொன்னாடை போர்த்தினாலும் பொறுப்பை ஒப்படைத்தாலும் 'பெருமைப்படுகிறேன்' என்னும் ஒரே சொல்தான் ஒலிக்கின்றது. இவ்வேறுபாட்டை நாம் பேணுதல் வேண்டும். முகத்துக்கு நேரே மிகைபடப் புகழ்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். புகழ்ச்சி செவியோடு நின்றுவிடும். மதிப்போ கடமையைத் தோளில் ஏற்றும்.

ஆகவே மாணவச் செல்வங்களே! பாராட்டுக் கேட்டால், 'உளம் மகிழ்ந்தேன்; புகழனைத்தும் இறைவனுக்கே' என்போம். பொறுப்பு வந்தால், 'இதனைப் பேறாகக் கருதுகிறேன்' என்று கூறிப் பணியைத் தொடங்குவோம்.