படம் பார்க்கப் பயம் ஏன்?

சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் கண்காட்சிக் கூடம் இருக்கிறது. அந்தத் தெருவில் நாள் முழுவதும் ஜனங்கள் போகிறார்கள், வருகிறார்கள். கூடத்துக்குள் நுழைகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1954-ம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய அகாடமி இது. நடப்பது மக்கள் வரிப் பணத்தில். தீப்பெட்டி வாங்குகிறவரும் வரி கொடுக்கிறார். ஆகவே கூடம் அவருக்கும் சொந்தம்!

உள்ளே எப்போதும் ஒரே காட்சி என்று நினைக்க வேண்டாம். ஒரு முறை போனால் வண்ண ஓவியம். மறுமுறை கல்லிலும் மரத்திலும் செய்த சிற்பம். இன்னொரு சமயம் புகைப்படம். சில நாள் மாணவர்களின் கைவேலை.

பிறகு ஏன் ஜனங்கள் போவதில்லை? பயம்!

வாசலோடு திரும்பிய குடும்பம்

நகரத்தில் வேறொரு ஓவியக் கூடம். பெயர் வேண்டாம். ஒரு நாள் அதன் வாசலில் ஒரு குடும்பம் நின்றது. கணவர், மனைவி, எட்டு வயதுப் பெண்.

“உள்ளே போகலாம்பா” என்றாள் பெண்.

“சும்மா இரு. அதெல்லாம் படிச்சவங்க வர்ற இடம்” என்றார் தகப்பனார்.

காவலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். “வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

நான் உள்ளே போனேன். படங்களுக்குக் கீழே இருந்த அட்டைகள் எல்லாம் ஆங்கிலம். ஒரு வரி தமிழ் இல்லை. தகப்பனார் நினைத்தது தவறு என்று எந்த வாயால் சொல்வது?

கடற்கரையில் நிற்கும் கலை

மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர் யார்? நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். 1959-ல் வைத்த சிலை அது. ‘புரியவில்லை’ என்று யாராவது சொன்னதுண்டா? அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்தவர். லலித் கலா அகாடமியின் முதல் தலைவரும் அவரே! சுண்டல் தின்றுகொண்டே அவர் வேலையைப் பார்க்கிறோம். கூடத்துக்குள் போக மட்டும் கால் கூசுகிறது.

புரியாத படமும் இருக்கத்தான் செய்கிறது. அதை மறைப்பானேன்?

ராய் சவுத்ரியின் மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். 1960-களில் அவர் வரைந்த படங்கள் சிலவற்றில் ஜாதகக் கட்டம் போலக் கோடுகள் இருக்கும். அவற்றைச் சுற்றி நுணுக்கி நுணுக்கி எழுத்து. கிட்டப் போய்ப் படித்தால் பொருள் வராது! பட்டம் வாங்கியவருக்கும் வராது. நேற்றுக் கையெழுத்துப் போடக் கற்ற பாட்டிக்கும் வராது. அந்தப் படத்தின் முன்னால் இருவரும் சமம். இருவரும் கோட்டையும் வண்ணத்தையும்தான் பார்க்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

தமிழில் ஓர் அட்டை

கண்காட்சி நடத்துகிறவர்களைக் கேட்கிறேன். தமிழில் நான்கு வரி எழுதி வைக்க என்ன செலவு ஆகும்? யார் செய்தார், எந்த ஊர், எப்படிச் செய்தார், இவ்வளவு போதும். வெண்கலச் சிலையா? முதலில் மெழுகில் உருவம் செய்தார்கள். மேலே மண் பூசினார்கள். சூடு காட்டி மெழுகை வெளியேற்றினார்கள். அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றினார்கள். இப்படி எழுதினால் பாத்திரக் கடைக்காரரும் நின்று படிப்பார். வாசலில் “உள்ளே வரலாம், கட்டணம் இல்லை” என்று பெரிய எழுத்தில் ஒரு பலகையும் வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாப் படத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்பதில்லை. குழந்தை ஒரே படத்தின் முன்னால் நின்றுவிட்டால், நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள்.