காலாவதியாகாத கட்டுரை

டிஎன்ஏ மூலம் ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டறிந்த அலெக் ஜெஃப்ரீஸ் 1985இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைகள் காலாவதியாகிவிட்டன, அவருடைய முறையை இன்று யாரும் கையாளுவதில்லை என்கிறார் ஒரு கட்டுரையாளர். முறை மாறியது உண்மைதான். ஆனால், டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை வைத்தே ஒருவரை அடையாளம் காணலாம் என்ற அடிப்படையில்தானே இன்றைய சோதனையும் நிற்கிறது?

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒரு கொலையைத் தானே செய்ததாக 17 வயது இளைஞன் ஒப்புக்கொண்டான். அவன் குற்றவாளி அல்ல என்று காட்டி, சிறையிலிருந்து மீட்டது ஜெஃப்ரீஸின் சோதனை. உண்மைக் கொலையாளி 1988இல் தண்டனை பெற்றான். வாக்குமூலத்தையே வேதவாக்காக எடுத்துக்கொண்ட விசாரணை முறையை அந்தக் கட்டுரைகள் உலுக்கின. இந்தத் தாக்கத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பார் அந்தக் கட்டுரையாளர்?