தேறவில்லை

சித்திரை பிறந்துவிட்டது. பள்ளிக்கூடங்களை மூடியாயிற்று. தெருவில் இருவர் சந்தித்தால் முதலில் வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள், அடுத்தாற்போல், "உங்கள் பையன் எத்தனை மார்க்கு?" என்று கேட்கிறார்கள். இவ்வருஷம் அந்தக் கேள்விக்காக நாமே வலியப் போய் நின்றோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் புத்திரன் முதல் வகுப்பை முடித்துவிட்டான். ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலில் நம் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே போகமாட்டேன்" என்று அழுத அதே பயல், இன்று பஸ்ஸின் நெற்றிப் பலகை, மளிகைக் கடைப் பலகை, தீப்பெட்டி மூடி ஒன்றையும் விடாமல் உரக்கப் படிக்கிறான். நாமோ உபாத்தியாயர். இருபது வருஷமாகப் பிறர் பிள்ளைகளின் விடைத்தாள்களில் சிவப்பு மையைக் கொட்டி வருகிறோம். சொந்தப் பிள்ளை படிப்பதைக் கண்டால் கர்வம் வருமா, வராதா?

உண்மையில் இதில் நம் பங்கு ஒன்றுமில்லை. தமிழின் 247 எழுத்துக்களையும் ஆடி மாதத்துக்குள் ஊட்டிவிடுவதென்று தினம் மாலையில் நாமும் உட்கார்ந்து பார்த்தோம். பையன் அழுதான், நாம் கத்தினோம், இல்லாள் வந்து சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பிறகு அந்த எழுத்துக்களையெல்லாம் புளியங்கொட்டையாலும் பாட்டாலும் பொறுமையாலும் சொல்லிக் கொடுத்தவர் முதல் வகுப்பு ஆசிரியை அம்மாள். பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்துகிறவன் அந்த அம்மாளுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

ஆனால் கர்வத்துக்குக் கண் ஏது? போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். "எதிர் வீட்டுப் பையன் இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறான், நம்மவன் கதைப் புத்தகமே படிக்கிறான்" என்று ஒரு வார்த்தை கூடவே சேர்த்துக்கொண்டோம். இரண்டு நாள் கழித்து எதிர் வீட்டுக் குழந்தை விளையாட அழைக்க வந்தபோது நம் புத்திரன் சொன்னான்: "நான் வரலை. நீ மக்கு."

அந்தக் குழந்தை ஒன்றும் பேசாமல் திரும்பிப் போயிற்று. வைதால் வைய வேண்டியது யாரை என்று நமக்குத் தெரிந்திருந்தது. வாயடைத்துப் போனோம்.

அன்று மாலையே, பரண்மேல் இருந்த பழைய தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினோம். பையன் அதற்குள் கையை விட்டு ஒரு தபால் கார்டை எடுத்தான். நம் தாயாரின் தகப்பனார் கிராமத்திலிருந்து, வெளியூரில் உத்தியோகம் பார்த்த நம் தகப்பனாருக்கு 1986-ஆம் வருஷம் மே மாதம் எழுதியது. பையன் உரக்கப் படிக்கத் தொடங்கினான்:

"பையன் முதல் வகுப்பில் தேறவில்... அவ... அடிக்க வேண்டாம். அப்பா, இது என்ன எழுத்து?"

அவன் விரல் நின்ற இடத்தில், தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு நின்ற பழைய 'லை' இருந்தது. ஈ. வெ. ரா. பெரியார் 1935-ஆம் வருஷமே தம் 'குடி அரசு' பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார். அதைத் தழுவித் தமிழ்நாடு அரசாங்கம் 1978-ஆம் வருஷம் உத்தரவு போட்டபின் ணை, லை, ளை, னை ஆகியவை இன்றைய உருவத்தைப் பெற்றன. உத்தரவு புஸ்தகத்தை மாற்றியது. பாட்டனாரின் கையை மாற்றவில்லை. அவர் கடைசிவரை தும்பிக்கையோடுதான் எழுதினார்.

இப்போது நம் மானம் இரண்டே எழுத்துக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. 'லை' ஒன்று, 'னை' ஒன்று. என்ன சொன்னாலும் பையன் நம்புவான். "தேறினான்" என்று படித்துக் காட்டிவிட்டுப் பெட்டியை மூடியிருக்கலாம். சற்று நேரம் அந்த யோசனையும் இருந்தது. பிறகு, காலையில் திரும்பிப் போன குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது.

"அது லை. இது னை. 'பையன் முதல் வகுப்பில் தேறவில்லை. அவனை அடிக்க வேண்டாம். எழுத்து வரும். அவசரமில்லை.' அந்தப் பையன் நான்தான்" என்றோம்.

"தேறவில்லை என்றால் என்ன அப்பா?"

முதல் வகுப்பை முடித்த பிள்ளைக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியவில்லை! தெரிய வேண்டிய அவசியம் அவனுக்கு நேரவில்லை. ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க வழி தேடிக் கோகலே 1911-ஆம் வருஷம் இம்பீரியல் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். மறு வருஷமே அதைத் தோற்கடித்தார்கள். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2009-ஆம் வருஷம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. கோகலேயின் தோல்விக்கும் இதற்கும் இடையே 98 வருஷம். தொடக்க வகுப்புப் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்பதும் அச்சட்டத்தில் அடங்கியது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளைத்தான் தொட்டது. முதல் வகுப்பைத் தொடவில்லை.

"இதனால்தான் படிப்பு கெட்டது" என்பவர்கள் உண்டு. தேறாமலே ஏறிவந்து பத்தாம் வகுப்பில் திணறும் பிள்ளைகளை நாமும் பார்க்கிறோம். ஆனால் குற்றம் அவர்களை நிறுத்திவைக்காததில் இல்லை. வகுப்பு ஏறிய பிள்ளைக்கு எழுத்தும் ஏறிற்றா என்று பாராததில் இருக்கிறது. 2022-ஆம் வருஷம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அவரவர் கற்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். பெயர் வைத்தவர் யாரோ, பிள்ளை மனம் அறிந்தவர். அரும்பைப் பார்த்து, 'இன்னும் மலரவில்லையே, மக்கு!' என்று எந்தத் தோட்டக்காரனும் வைவதில்லை.

இவ்வளவையும் பையனிடம் சொல்லவில்லை. "எல்லோரும் அடுத்த வகுப்புக்குப் போனார்கள், நான் மட்டும் அதே பெஞ்சியில் உட்கார்ந்தேன்" என்று மட்டும் சொன்னோம்.

அவன் வெகுநேரம் யோசித்தான். "உங்களை யாராவது மக்கு என்றார்களா?"

"சொன்னார்கள்."

பையன் கார்டைப் பறித்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினான். எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து அவன் குரல் ஊருக்கே கேட்டது: "டேய், எங்கப்பாகூட மக்காம்டா! கார்டிலே போட்டிருக்கு! வா, படிச்சுக் காட்டறேன்!"

இல்லாள் சிரித்தாள். மளிகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அன்று முதல் தெருவில் யாரும் நம்மிடம் மார்க்கைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டு பையன்களும் அந்தக் கார்டை வைத்துக்கொண்டு தும்பிக்கை எழுத்துக்களைத் தேடி விளையாடுகிறார்கள். எதிர் வீட்டுப் பிள்ளைக்கு இதுவரை 'லை' வந்துவிட்டது. மற்றவையும் வரும். அவசரமில்லை.