எச்சரிக்கையின் வாயை அடைக்கலாமா?

மாணவ நண்பர்களே, பழைய நீராவி எஞ்சின் ஒன்று புகை கக்கிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் நின்று பார்க்கத் தோன்றாது? பிரிட்டிஷ் ரயில்வேயின் முக்கியத் தடங்களில் அவற்றின் அன்றாடப் பணி 1968-லேயே முடிந்துவிட்டது. ஆயினும் ஆர்வலர்கள் அவற்றைச் செப்பனிட்டு, அதே தடங்களில் உல்லாசப் பயண வண்டிகளை இழுக்க வைக்கிறார்கள். இன்றைய விரைவு வண்டிகள் பாய்ந்து செல்லும் தடங்கள் அவை!

2015 மார்ச் 7 அன்று, 1947-ல் கட்டப்பட்ட 'டாங்மியர்' என்ற எஞ்சின் பயணிகளுடன் இங்கிலாந்தின் வூட்டன் பாசெட் சந்திப்பை நெருங்கியது. வேகம் குறைக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் தண்டவாளங்களின் நடுவே காந்தம் வைத்திருப்பார்கள். அதைக் கடக்கும்போது எஞ்சினில் ஊதல் ஒலிக்கும். சில விநாடிகளுக்குள் டிரைவர் பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் தானே விழும். அன்று அவர் அழுத்தவில்லை; பிரேக் விழுந்தது. விதிப்படி வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். டிரைவரும் பயர்மேனும் செய்தது என்ன தெரியுமா? ஒரு வால்வைத் திருப்பி அந்தப் பிரேக்கை விடுவித்து விட்டார்கள். சிவப்பு சிக்னலை மீறினால் வண்டியைத் தடுக்கும் கருவியும் அத்துடன் செயலிழந்தது.

சிவப்பு விளக்கைக் கண்டு டிரைவர் பிரேக் போட்டபோது காலம் கடந்துவிட்டது. வேகம் இருமடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று வகுப்பில் படிக்கிறீர்களே, அதுதான். சிக்னலைத் தாண்டி ஏறத்தாழ 550 மீட்டர் சென்று, சந்திப்பின் குறுக்கே வண்டி நின்றது. வெறும் 44 விநாடிகளுக்கு முன்தான் மற்றொரு பயணிகள் ரயில் அவ்வழியே சென்றிருந்தது! நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை.

'டிரைவரின் தவறு' என்று சொல்லி இதை முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. நீராவி எஞ்சினில் நீண்ட கொதிகலன் முன்பார்வையை மறைக்கிறது. இரைச்சலும் அனலும் வேறு. அங்கே இரண்டாவது ஜோடிக் கண்கள் பயர்மேனுடையவை. கரி அள்ளிப் போடுவதோடு அவர் வேலை தீர்ந்துவிடுமா? "வேண்டாம், வண்டியை நிறுத்துவோம்" என்று மூத்தவரிடம் சொல்ல அவருக்குத் துணிவு வேண்டும். அத்துணிவு தானாக வராது. பயிற்சியில் பழக்க வேண்டிய ஒன்று.

2016-ல் நீதிமன்றம் டிரைவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனையும், வண்டியை இயக்கிய நிறுவனத்துக்கு 2 லட்சம் பவுன் அபராதமும் விதித்தது. பெரிய சுமை நிறுவனத்தின் தலையில் விழுந்தது முறையே என்பேன். பயிற்சி தர வேண்டியதும், அந்த வால்வை யாரும் எளிதில் தொட முடியாதபடி செய்ய வேண்டியதும் அதன் பொறுப்பல்லவா?