ஆசிரியர் யாருக்குக் கணக்குச் சொல்வது?

தகுதித் தேர்வையும், 2018ஆம் ஆண்டின் அரசாணையால் அதற்குப் பின்னே சேர்க்கப்பட்ட போட்டித் தேர்வையும் கடந்து, நியமன உத்தரவும் கையுமாக ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வந்து சேருகிற இடைநிலை ஆசிரியை, தமது வேலையைக் குறித்து மூன்று தரப்பார் மூன்று விதமான எதிர்பார்ப்பு வைத்திருக்கிறார்கள் என்பதை முதல் வாரம் முடிவதற்குள் தெரிந்துகொண்டுவிடுகிறார். எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு வேண்டியது ஒன்று. வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு வேண்டியது மற்றொன்று. மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வாசலில் வந்து நிற்கும் தாய்க்கும் பாட்டிக்கும் வேண்டியது வேறொன்று. மூன்றும் பெரும்பாலும் நியாயமானவையே. ஆயினும் இம்மூவருள் ஒருவருக்கு மட்டுமே அவர் நாள்தோறும் கணக்கு எழுதி ஒப்புவிக்க நேர்கிறது என்பதும், அந்த ஒருவர் குழந்தையும் அன்று, ஊராரும் அன்று என்பதுமே இன்றைய கோளாறுகளுள் தலையானது என்பது என் அபிப்பிராயம்.

புதிய ஆசிரியை என்றவுடன் கல்லூரி வாசனை மாறாத ஓர் இளம்பெண்ணை வாசகர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம். 2013ஆம் ஆண்டிலே தகுதித் தேர்வில் தேறியவர்கள் பத்து ஆண்டுகள் சென்ற பின்னும் நியமனம் கோரிச் சென்னையில் உட்கார்ந்து போராடியதை நாம் கண்டோம். இன்று புதியவர் என்று பதிவேட்டில் பெயர் எழுதப்படுகிறவர்களில் பலர் காதோரம் நரைத்தவர்கள். இடைக்காலமெல்லாம் தனியார் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள். பிள்ளைகளைக் கண்டு அவர்கள் மலைப்பதில்லை. மலைக்க வைப்பவை அரசாங்கம் என்னும் பெரிய யந்திரமும், முன்பின் அறியாத ஓர் ஊரின் மனப்போக்கும்தாம்.

வகுப்பறையை முதலில் பார்ப்போம். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. ஆதலால் சிறிய ஊர்களில் ஈராசிரியர் பள்ளியே வழக்கம். அவ்விருவரில் ஒருவர் தலைமையாசிரியராகவும் இருந்து, கூட்டத்துக்கும் வங்கிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் அலைய வேண்டியவர். எஞ்சிய ஒருவரிடம் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகள் ஒரே அறையில் ஒப்படைக்கப்படுகின்றன. 2022 ஜூன் மாதத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அப்பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு பிரிக்காமல் கற்ற அளவைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கச் சொல்கிறது. நல்ல யோசனை, பெயர்களும் அழகியவை.

திருவண்ணாமலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அத்தகைய அறையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு முன்னால் பயிற்சிப் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. மரத்தின் படம், கீழே ‘மரம்’ என்ற எழுத்துகள். அவன் எழுத்தின் மீது விரலை வைத்தான், கண்ணைப் படத்தின் மீது வைத்தான், உரத்த குரலில், “வேப்பமரம்!” என்றான். ஆசிரியை சிரித்துவிட்டார். பிறகு படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மறுபடியும் கேட்டார். பையன் ‘ம’ என்றான், ‘ர’ என்றான். அதற்குமேல் கூட்டத் தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தான். அந்த அரை நிமிஷத்தில் அந்த அம்மையார் அறிந்துகொண்ட விஷயங்கள் பல: பையனுக்கு மரங்கள் தெரியும், இலையைக் கண்டே வேம்பென்று சொல்லும் கூர்மை உண்டு, தனி எழுத்துகள் தெரியும், எழுத்துகளைக் கூட்டும் வித்தை மட்டும் இன்னும் கைவரவில்லை, அதை மறைக்கும் சாமர்த்தியம் வந்துவிட்டது. இவ்வளவையும் அவர் எங்கே எழுதுவது? கைப்பேசிச் செயலியில் இருக்கும் கட்டம் சரியா தவறா என்று மட்டும் கேட்கிறது.

இது புதிதாக முளைத்த தொல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைத்து, தேறிய பிள்ளைகளின் தொகைக்குத் தக்கபடி பள்ளிக்கு மானியம் அளக்கும் முறை நெடுங்காலம் நடந்தது. திண்ணைப் பள்ளி உபாத்தியாயருக்கு அதனால் சில ரூபாய்கள் கிடைத்தன என்பது மெய்; பிள்ளைக்கு என்ன புரிந்தது என்ற விசாரத்தைக் காட்டிலும் இன்ஸ்பெக்டர் என்ன கேட்பார் என்ற விசாரம் பெரிதாகிவிட்டது என்பதும் மெய். கடைசியில் 1904ஆம் ஆண்டில் கர்ஸன் காலத்து இந்திய அரசாங்கமே அம்முறை வேண்டாமென்று தன் கல்வித் தீர்மானத்தில் எழுதிற்று. இன்று மானியம் இல்லை, இன்ஸ்பெக்டரும் அந்தப் பழைய தோரணையில் இல்லை. ஆனால் மேலே அனுப்பும் எண்ணிக்கைக்காகக் கீழே பாடம் நடத்தும் மனோபாவம் மட்டும் வேறு உருவத்தில் மீண்டு வந்திருக்கிறது.

அதனால் தரநிர்ணயமே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் மறுபடி திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் புத்தகத்தைத் தொடாமலே மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளை, பாடத்திட்டம் நகர்கிறது என்பதற்காக இழுத்துக்கொண்டு ஓடுவது பாதகம் அல்லவா? எட்டு வயதுக்குள் எழுத்தும் எண்ணும் வந்தே தீர வேண்டும் என்று அரசு ஓர் இலக்கை வைத்தது நியாயம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி தவறினாலும் தனிப் பாடம் இருக்கிறது. செங்கல் சூளைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு இந்த இலக்கைத் தவிர வேறு உத்தரவாதம் கிடையாது.

சங்கடம் என்னவென்றால், இந்த நியாயம் ஊராருக்கு ஒருவராலும் எடுத்துச் சொல்லப்படவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2012இல் வந்த முப்பருவ முறையும், 2018 முதல் வந்த புதிய பாடநூல்களும், அதன்பின் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒவ்வொன்றும் சுற்றறிக்கையாகவும் பயிற்சி முகாமாகவும் ஆசிரியரை வந்தடைந்தன. ஊருக்கு அவை வதந்தியாகத்தான் வந்தன. பிள்ளை பொம்மை முகமூடி மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடுவதை வேலியோரம் நின்று பார்க்கிற தாய், “ஆட்டமும் பாட்டமுமாவே இருக்குதே டீச்சர், எழுத்து எப்பத்தான் வரும்?” என்று கேட்டால் அது அறியாமையும் அன்று, குற்றம் கண்டுபிடிக்கும் குணமும் அன்று. அவள் அறிந்த பள்ளிக்கூடத்தில் கல்வியின் அடையாளங்கள் வாய்ப்பாடும், வீட்டுப் பாடமும், சிவப்பு மையில் திருத்திய நோட்டும். அவை கண்ணில் படாதபோது, வாடகை வேனில் பக்கத்து ஊர் மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கனத்த பையை அவள் பார்க்கிறாள். அடுத்த ஜூனில் தன் பிள்ளையையும் அந்த வேனில் ஏற்றிவிடுகிறாள். கடன் வாங்கியாவது ஏற்றிவிடுகிறாள். பள்ளியில் பிள்ளைகளின் தொகை குறைகிறது. குறைந்ததற்கும் விளக்கம் கேட்டு ஆசிரியைக்கே கடிதம் வருகிறது.

நம் நாட்டில் ஊரும் பள்ளியும் எப்போதும் இப்படி விலகி நின்றதில்லை. 1958 முதல், காமராஜர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் கூடின. கடிகாரமும் நாற்காலியும் நிலமும் கட்டடமும் கொடுத்தவர்கள் கிராமவாசிகளே. கொடுத்தவனுக்குப் பள்ளியின்மேல் ஒரு பாத்தியதை இருந்தது, வாத்தியாரிடம் கேள்வி கேட்கும் உரிமையும் இருந்தது. இன்றைக்கு எல்லாம் இலவசமாக வந்து சேருகிறது. அது வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதனோடு கூடக் கேள்வி கேட்கும் உரிமையும் கழன்றுவிட்டதாக ஊர் எண்ணிக்கொண்டது.

ஊரார் சொல்வதெல்லாம் வேதம் என்றும் கொள்ளலாகாது. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க டீச்சர், நான் ஏன்னு கேக்க மாட்டேன்” என்று முழு நம்பிக்கையோடு பிள்ளையை ஒப்படைக்கும் தகப்பனாரை எந்த ஆசிரியரும் அறிவார். இதைவிடக் கடுமையான வேண்டுகோள்களும் உண்டு. 2023இல் காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிவடைந்தபோது, சமைக்கிறவர் பட்டியல் ஜாதிப் பெண் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் சில ஊர்களில் பெற்றோர் தடுத்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே ஜாதிப் பகையால் வீடு புகுந்து வெட்டிய கொடுமையும், அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த குழு 2024இல் அளித்த அறிக்கையும் வாசகர்கள் அறிந்தவை. இத்தகைய இடத்தில், ஊருக்குப் புதியவளாய், வாடகை வீட்டில் குடியிருக்கும் ஆசிரியைக்குத் துணை நிற்பது அரசாங்கத்தின் சட்டமும் விதியும் அன்றி வேறென்ன? “அடிக்கச் சட்டம் இடம் தராது, ஐயா” என்றும், “எல்லாரும் ஒரே வரிசையில்தான் உட்கார வேண்டும், அது உத்தரவு” என்றும் அவர் சொல்ல முடிகிறது; சண்டையின்றிச் சொல்ல முடிகிறது. மேலதிகாரத்தைச் சுமையாகவே பேசிப் பழகிய நாம் இந்த உபகாரத்தை மறந்துவிடுகிறோம்.

ஆக, குழந்தையின் தேவையையும் அரசின் அளவுகோலையும் ஊரின் கவலையையும் சம எடையில் வைத்துத் தூக்கு என்று புதிய ஆசிரியருக்கு உபதேசிப்பதில் பிரயோஜனம் இல்லை. சட்டமே இதில் தெளிவாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை அடுக்கும்போது, பாடத்திட்டத்தைக் காலத்தில் முடிப்பதையும், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் ஆற்றலையும் அறிந்து தக்கபடி கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதையும், பெற்றோரைக் கூட்டிப் பிள்ளையின் வருகை, ஆற்றல், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதையும் ஒரே மூச்சில் சொல்லுகிறது. இவற்றில் முதலாவது கடமையைக் கண்காணிக்க ஓர் இலாகாவே இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

அதே சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு ஒன்று உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் சிரத்தையோடு திருத்தி அமைக்கப்பட்டன. கூட்டங்களில் நடப்பது என்ன? சுற்றுச்சுவரும் கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் பேசப்படுகின்றன, தீர்மானப் புத்தகம் கைமாறுகிறது, கையெழுத்தோ கைநாட்டோ விழுகிறது, தேநீர் வருகிறது. சுற்றுச்சுவர் வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை எழுந்து அரைப் பக்கம் வாசித்துக் காட்டினால், தாய் தன் காதால் கேட்டால், ஆட்டமும் பாட்டமும் எதற்கென்று ஆசிரியை பாயில் உட்கார்ந்து செய்தே காட்டினால், நான் மேலே சொன்ன மனஸ்தாபங்களில் பாதி அங்கேயே தீரும். வேப்பமரம் என்று சொன்ன பையனின் தாய்க்கு, “பிள்ளை கெட்டிக்காரன், எழுத்தைக் கூட்டத்தான் இன்னும் பழக வேண்டும், ராத்திரி பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள்” என்று சொல்வது எந்தச் செயலியிலும் ஏறாத கணக்கு. அதுவே பயன் தரும் கணக்கு.

இதற்கெல்லாம் ஆசிரியைக்கு நேரம் ஏது என்று கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்பது சட்டத்தின் 27ஆம் பிரிவு. அந்தத் தேர்தல் பணியே வாக்காளர் பட்டியல் திருத்தமாக வீடு வீடாக நடக்க வைப்பதை அண்மையில் கண்டோம். அதுபோக, பள்ளிக்குள்ளேயே செய்யும் பதிவேற்றத்தைக் கல்விப் பணி என்பதா, எழுத்தர் பணி என்பதா என்று சட்டம் சொல்லவில்லை. எழுத்தர் பணி என்றே நான் சொல்வேன். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் இந்தப் பதிவேற்றத்திலிருந்து விலக்கு அளித்து, அதைக் குறுவள மையத்துக்கு ஒருவராக நியமிக்கும் எழுத்தரிடம் கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவாகாது. வருகிற ஆசிரியர் பயிற்றுநரும் எத்தனை கட்டம் நிரம்பிற்று என்று பார்ப்பதை விட்டு, அரை மணி நேரம் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு பிள்ளை படிப்பதைக் கேட்டுவிட்டுப் போகட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். இலாகாவின் ஒரு சுற்றறிக்கை போதும், அதைக் கல்வித் துறை இந்த ஆண்டே வெளியிட வேண்டும்.

வாசகர்களில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் சிலரேனும் இருப்பீர்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். ஒருநாள் கூலி போனாலும் போங்கள். போய், புதிதாக வந்திருக்கும் டீச்சரிடம் உங்கள் பிள்ளையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.