மானியம் பட்டாவுக்கா, பாட்டாளிக்கா?

தமிழ்நாட்டில் சொட்டு நீர்ப்பாசனம் போடும் விவசாயிகளுக்குச் சர்க்கார் மானியம் கொடுப்பது வாசகர்கள் அறிந்த விஷயமேயாகும். சர்க்கார் திட்டப்படுத்திய செலவில், 5 ஏக்கர் வரை உள்ள சிறு குறு விவசாயிகளுக்கு நூற்றுக்கு 100-ம், மற்றவர்களுக்கு நூற்றுக்கு 75-ம் கிடைக்கிறது. வாய்க்காலில் திறந்துவிட்டு வெயிலுக்கும் களைக்கும் தண்ணீரைக் கொடுப்பதைவிட, குழாய் வழியாய் வேருக்கு மாத்திரம் சொட்டவிடுவது புத்தியான காரியம். கிணறு வற்றுகிற நாட்டில் அதற்குப் பொதுப்பணம் செலவாவதை நாம் ஆட்சேபிக்கவில்லை, வரவேற்கவே செய்கிறோம்.

ஆனால் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? மனுப் போடப் போனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே, தாசில்தார் கொடுத்த சிறு குறு விவசாயிச் சான்று எங்கே என்கிறார்கள். வாய்ப்பேச்சின் பேரில் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவன் இவற்றுக்கு எங்கே போவான்? எழுதிக் கொடுத்தால் 1955-ம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்து குறுக்கே நிற்கும், லேசில் வெளியேற்ற முடியாது என்று மிராசுதார் எழுதிக் கொடுப்பதில்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-ல் வேறு ஒரு சட்டம் செய்தார்கள். பதியப் போனால் அடுத்த போகத்திற்கு நிலம் கிடைக்காதென்று இவன் அந்தப் பக்கமே போவதில்லை.

கோயில் நிலத்தின் சங்கதி இன்னும் வேடிக்கையானது. தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு 4 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. அங்கே சொந்தக்காரர் சாமி! கிணறு வற்றினால் சாமிக்கு என்ன கவலை? கல்லுக்குப் பசிக்குமா, தாகமெடுக்குமா? குத்தகை ஒருவர் பேரிலும், உள்குத்தகையில் உழுவது வேறொருவருமாய் இருக்கிற இடங்களில், ஏர் பிடிப்பவன் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது.

"மிராசுதார் நிலத்தில் குழாய் போட்டால் உழுகிறவனுக்கும் பிரயோஜனந்தானே?" என்று சில பெரிய மனிதர்கள் நம்மைக் கேட்கக்கூடும். விளைச்சல் பெருகினால் குத்தகையை உயர்த்தமாட்டேன் என்று எந்த மிராசுதாராவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா? குத்தகைச் சீட்டையே எழுதிக் கொடாதவரா இதை எழுதிக் கொடுப்பார்? ஊரார் பணத்தில் போட்ட குழாய்க்கு, பாடுபடுகிறவன் வாடகை கொடுக்கும்படியாகத்தான் முடியும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கிராம அதிகாரி வயலுக்கு நேரில் போய், அங்கே யார் உழுகிறார் என்று பார்த்து எழுதட்டும். அதை ஊரார் முன் வாசிக்கட்டும். அதன்பேரில் மானியம் கொடுக்கட்டும். உழுகிறவன் பெயரை எழுதவிடாத சொந்தக்காரருக்கு அந்த நிலத்தின் பேரில் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். இது நடவாத காரியம் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். இன்ன சர்வே நம்பரில் இன்ன பயிர் என்று அடங்கலில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதைப் பயிரிட்டவன் பெயரை எழுதுவதில் மாத்திரம் என்ன கஷ்டம்?